காவிரி டெல்டாவின் கோடை: வெயில், கடற்காற்று, மாலை இடிமழை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்ததும் எங்கள் பக்கம் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். "இந்த வருஷம் வெயில் எப்படி இருக்கும்?", "மழை வருமா?" இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது: கிழக்கே கடலிலிருந்து வரும் காற்று எத்தனை மணிக்கு உங்கள் ஊரைத் தொடுகிறது என்பதில். திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால் பகுதிகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. நான் இருப்பது மன்னார்குடிக்குப் பக்கத்தில். அதனால் எடுத்துக்காட்டுகள் கொஞ்சம் அந்தப் பக்கமே சாயும்.

டெல்டாவில் கோடை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

வானிலைத் துறையின் கணக்கில் மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்கள் கோடை. நடைமுறையில் மாசி மகம் முடிந்ததும் பகல் சுட ஆரம்பித்துவிடும். நமக்கு ஜூனிலும் கோடைதான். தென்மேற்குப் பருவமழை கேரளாவில் இறங்கினாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் காய்ந்த காற்று மட்டுமே.

கத்திரி வெயில்தான் உச்சமா? அது முடிந்த பிறகும் ஏன் சுடுகிறது?

கத்திரி என்பது பஞ்சாங்கக் கணக்கு. சூரியன் பரணியின் பின்பாதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் போகும் வரை உள்ள நாட்கள். பெரும்பாலும் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும். வானிலைத் துறை இந்தக் கணக்கைப் பயன்படுத்துவதில்லை. ஆனாலும் நம் முன்னோர் ஆண்டின் சூடான நாட்களைத்தான் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 18-ஐ ஒட்டி. அன்று மதியம் 12 மணி 13 நிமிடம் வாக்கில் ஒரு கம்பை நட்டு நிறுத்தினால் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஆனால் தரை சூட்டைச் சேர்த்து வைக்கச் சில வாரங்கள் ஆகும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதில்லையா, அதுபோல. அதனால்தான் உச்சி ஏப்ரலிலும் உச்சக்கட்டச் சூடு மே மாதத்திலும் வருகிறது.

கடற்கரை ஊர்களின் கதை வேறு. நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் ஏப்ரலை விட மே கடைசியும் ஜூனும் கடுமையாக இருக்கும். பருவக்காற்று வலுக்கும்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் மலையிலிருந்து இறங்கியும் மேலைக்காற்று டெல்டாவைக் கடந்து கடல் வரை வீசும். வழியெல்லாம் காய்ந்த நிலத்தில் சூடேறி வரும் காற்று அது. பழந்தமிழில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் கோடை என்றே பெயர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கோடை வலுவாக வீசும் நாளில் கொண்டல் கரையேற முடியாமல் கடலிலேயே தயங்கி நிற்கும். மதியம் 12 மணிக்கு வந்து நாகையைக் குளிர்விக்க வேண்டிய காற்று 3 மணி, 4 மணி வரை வராது. அன்றைக்கு அங்கே 38, 39 டிகிரி ஆகிவிடும். கடலைப் பார்த்தபடி நின்றாலும் முகத்தில் அனல் அடிக்கும்.

திருச்சியில் 40, நாகையில் 35. ஆனால் நாகையில்தான் தாங்க முடியவில்லை. ஏன்?

வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். திருச்சியின் மதியக் காற்று வறண்டது, வியர்வை உடனே காய்ந்துவிடும். தாகமும் களைப்பும் இருக்கும், புழுக்கம் இருக்காது. கரையோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை உடம்பிலேயே நிற்கும். 34 டிகிரி வெயிலும் 65 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்பு உணரும் சூடு 40-ஐத் தாண்டிவிடும். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து "இன்று பரவாயில்லை" என்று வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கோடை மழை ஏன் காலையில் வராமல் மதியத்துக்குப் பிறகே வருகிறது?

செய்தியில் "வெப்பச்சலனம் காரணமாக" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த வரிக்குள் ஒரு முழுப் பகலின் வேலை இருக்கிறது.

காலை முழுக்கத் தரை காய்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகி, லேசாகி, மேலே கிளம்புகிறது. 11 மணி வாக்கில் வானத்தில் பஞ்சுப்பொதி போலச் சின்னச் சின்ன வெள்ளை மேகங்கள் தெரியும். அதற்குள் கடலை விட நிலம் நன்றாகச் சூடேறிவிடுவதால் கடற்காற்று கரையேறுகிறது. அது ஒரு குளிர்ந்த, ஈரமான காற்றுச் சுவர். மணிக்குச் சில கிலோமீட்டர் வீதம் மேற்கே நகர்ந்து வரும். நாகையில் மதியம், மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் 2, 3 மணி, தஞ்சாவூருக்குச் சாயங்காலம் என்று அதன் பயணம் போகும். திருச்சிக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் விளக்கு வைத்திருப்பார்கள்.

இந்த ஈரச்சுவர் உள்ளே இருக்கும் சூடான மேலைக்காற்றோடு முட்டும் கோடுதான் முக்கியம். இரண்டும் மோதும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை. ஈரமும் சூடும் சேர்ந்து ஏறும்போது, காலையில் பார்த்த பஞ்சுப்பொதி ஒரு மணி நேரத்துக்குள் 10, 12 கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரமாக எழும்பிவிடும். மேலே உறைந்த பனித்துகள்கள் ஒன்றோடொன்று உரசி மின்னூட்டம் சேர்கிறது. மின்னலும் இடியும் அங்கே பிறக்கின்றன. பிறகு தாங்க முடியாத எடையில் மழை கொட்டுகிறது. சில சமயம் ஆலங்கட்டியும் விழும். மழையோடு மேலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. மழைக்கு முன்னே மண்வாசனையைச் சுமந்து வரும் சூறைக்காற்று அதுதான். வாழைத்தோட்டத்தைச் சாய்ப்பதும் மின்கம்பிகளை அறுப்பதும் மழையை விட இந்தக் காற்றே.

புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், திருச்சிப் பக்கம் எழும் மேகம் மேலே மேற்கிலிருந்து காற்று ஓடும் நாளில் கிழக்கே நகர்ந்து, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக இரவில் கரையை எட்டும். டெல்டாவில் பாதி கோடை மழை விளக்கு வைத்த பிறகு வருவதற்கு இதுவே காரணம். "அந்தி மழை அழுதாலும் விடாது" என்று சும்மா சொல்லவில்லை.

பக்கத்து ஊரில் கொட்டுகிறது, எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லை. முன்னறிவிப்பு பொய்யா?

பொய் இல்லை. வானிலை அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்குள்தான் மழை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கு மேல். அதனால் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை" என்று படித்தால் உங்கள் ஊர் நனையாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நனைந்தால் நன்றாக நனையும்.

ஒரு இடிமேகத்தின் அடிப்பாகம் சில கிலோமீட்டர் அகலம்தான். நீடாமங்கலத்தில் வாய்க்கால் நிரம்ப மழை பெய்யும், வடுவூரில் தெருவில் தூசி பறக்கும். ஐப்பசி மழை அப்படி இல்லை, மாவட்டம் மாவட்டமாக மூடிக்கொண்டு பெய்யும். அந்தப் பழக்கத்தில் கோடை மழையையும் எதிர்பார்ப்பதால்தான் ஏமாற்றம்.

அளவும் தெரிந்துகொள்வது நல்லது. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தொட்டால்தான் கனமழை. மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்து சொல்வார்கள். வீட்டில் அளந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மா நிலத்தில், அதாவது 33 சென்ட்டில், 1 செ.மீ. மழை என்றால் சுமார் 13,000 லிட்டர் தண்ணீர்.

இன்று மாலை மழை வருமா என்று நாமே எப்படிக் கணிப்பது?

முதலில் ரேடார். காரைக்காலில் வானிலைத் துறையின் ரேடார் இருக்கிறது. அதன் படத்தை இணையத்தில் யாரும் பார்க்கலாம். மதியம் 2 மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். மேகம் எங்கே முளைத்தது, எந்தப் பக்கம் நகர்கிறது என்ற இரண்டு மட்டும் போதும். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இதை விட நல்ல முன்னறிவிப்பு கிடையாது.

அப்புறம் காற்று. இதை ஒரு பங்குனிக் கடைசியில் பாடமாகவே கற்றுக்கொண்டேன். மாமா வீட்டு உளுந்து, தார்ச்சாலையில் ஓரமாகப் பரப்பியிருந்தது. மாடு மிதித்து, சருகு ஒதுக்கி, தூற்ற வேண்டியதுதான் பாக்கி. தலைக்கு மேலே வானம் பளிச்சென்று இருந்தது. மூன்றரை மணி இருக்கும், அதுவரை முதுகில் பட்டுக்கொண்டிருந்த கீழைக்காற்று சட்டென்று நின்றுவிட்டது. வேப்பிலைகூட அசையவில்லை. அந்த இறுக்கம் ஐந்து நிமிடம். பிறகு மேற்கிலிருந்து ஜில்லென்று ஒரு காற்று, அதில் எங்கோ நனைந்த புழுதியின் வாசனை. மாமா முறத்தைக் கீழே போட்டுவிட்டுப் படுதாவைத் தேடி ஓடினார். ஒரு முனையில் கல் வைப்பதற்குள் மறுமுனை பறந்தது. நாங்கள் நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்தே படுதாவைப் பிடித்தோம். பாதி உளுந்து தப்பியது. மீதியைச் சாலையோர வாய்க்காலில்தான் பார்த்தோம்.

கீழைக்காற்று திடீரென்று நின்று, மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் உங்களிடம் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். தலைக்கு மேலே இருக்கும் வானத்தை நம்பாதீர்கள், மேற்கு அடிவானத்தைப் பாருங்கள். ஈசானி மூலையைப் பார்த்து மழை சொல்லும் வழக்கம் வடகிழக்குப் பருவத்துக்குத்தான் பொருத்தம். கோடைக்கு மேற்கே பார்க்க வேண்டும்.

இந்த ஆண்டு கோடை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. இந்திய வானிலைத் துறை பிப்ரவரி கடைசியில் மார்ச் முதல் மே வரைக்கும், பிறகு ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் பருவ முன்னோட்டம் வெளியிடுகிறது. "இயல்பை விட அதிக வெப்பத்துக்கு வாய்ப்பு அதிகம்" என்ற வகையில்தான் அது பேசும். மூன்று மாதச் சராசரியைப் பற்றிய வாய்ப்புக் கணக்கு அது. வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறீர்கள், பந்தலுக்கு மேல் தகரம் போடலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பசிபிக் கடலில் எல் நினோ, அதாவது அங்கே கடல்நீர் இயல்பை விடச் சூடாகும் நிலை. அது வலுவாக இருந்து அடங்கும் ஆண்டின் கோடை நமக்குக் கடுமையாக இருப்பது வழக்கம். 2016-ம் 2024-ம் அப்படி. ஆனால் 2024 மே முதல் வாரம் வரை காய்ந்த தமிழ்நாட்டில், அதே மாதத்தின் பிற்பாதியில் நல்ல மழை பெய்தது. கடுமையான கோடை என்றால் மழை இல்லாத கோடை என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, வங்கக்கடல் புயல். கோடையில் புயல் உருவானால் மழை வரும் என்று மகிழ்வோம். பல சமயம் நடப்பது நேர்மாறு. 2019-ல் ஃபானி புயல் நம் கரைக்கு எட்டத்திலேயே வடக்கே திரும்பி, மே 3 அன்று ஒடிசாவில் பூரிக்கு அருகே கரையைக் கடந்தது. அப்படிப் போகும் புயல் ஈரத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இங்கே வறண்ட மேலைக்காற்று வலுக்கும், கடற்காற்று வராது. வெயில் கூடும்.

கோடை மூன்று மாதத்துக்குத் தமிழ்நாட்டின் இயல்பான மழை 12, 13 செ.மீ. அளவுதான். வடகிழக்குப் பருவமழையின் 44 செ.மீ. அளவோடு ஒப்பிட்டால் கால்வாசிக்குச் சற்று மேல். நாலைந்து நல்ல சாயங்காலங்கள் கிடைத்தாலே ஓர் ஊருக்குக் கணக்கு நிறைந்துவிடும்.

வெப்ப அலை என்று எப்போது அறிவிப்பார்கள்?

உள்மாவட்டச் சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, அந்த நாளின் இயல்பை விட 4.5 டிகிரி அதிகமாகவும் இருக்க வேண்டும். கடற்கரை நிலையங்களுக்கு 37 டிகிரி போதும், இயல்பை விட 4.5 கூடுதல் என்பது அங்கேயும் உண்டு. ஆகவே திருச்சியில் 40 அடித்தும் "வெப்ப அலை" என்று சொல்லாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அங்கே மே மாதத்தில் 38, 39 சாதாரணம், எனவே விலகல் குறைவு. அறிவிப்பு இல்லை என்பதற்காக வெயில் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோடை மழை பயிருக்கு நல்லதா, கெடுதலா?

எந்தப் பயிர், எந்த வாரம் என்பதைப் பொறுத்தது.

தரிசாகக் கிடக்கும் நிலத்துக்கு அமிர்தம். ஓர் உழவு மழை கிடைத்ததும் கோடை உழவு போட்டுவிடுங்கள். களை வேரோடு காயும், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாகும், அடுத்த மழையை நிலம் உள்ளே வாங்கும். எள்ளுக்கும் தென்னைக்கும் அளவான மழை நல்லது. கஜா புயலில் தோப்பை இழந்து மறுபடியும் கன்று வைத்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்காரர்களிடம் கேளுங்கள், ஒரு கோடை மழையின் அருமை தெரியும்.

சம்பா அறுவடைக்கு முன் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனியில் முற்றி நிற்கும்போது மழை வந்தால் நெற்று நெற்றாக முளை கட்டிவிடும். முற்றிய வயலை "இன்னும் நாலு நாள் போகட்டும்" என்று விடாதீர்கள். பருத்தி திருவாரூர், மயிலாடுதுறை விவசாயிகளின் பெரிய கவலை. களிமண்ணில் ஒருநாள் தண்ணீர் நின்றாலே செடி வாடும். வெடித்த பஞ்சு நனைந்தால் விலை போகாது. பாத்திக்கு வடிகால் எடுப்பதை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மின்மோட்டார் வைத்துக் கோடை நெல் போட்டவர்களுக்குக் கொள்முதல் நிலையத்து வாசல்தான் சோதனை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. குவியலுக்கு அடியில் விரிக்கவும் ஒரு படுதா வேண்டும், பலர் மேலே மட்டும் போர்த்துகிறார்கள்.

வேதாரண்யம் உப்பளத்துக்கு மட்டும் எந்தக் கோடை மழையும் வேண்டாத விருந்தாளி. பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும். மறுபடி விளைவதற்கு நல்ல வெயில் பல நாள் தொடர்ந்து அடிக்க வேண்டும்.

மின்னலுக்கு என்ன செய்வது?

இதை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் படித்துக் காட்டுங்கள். டெல்டா தட்டையான பூமி. நடவு வயலில் நிற்கும் மனிதர்தான் பல இடங்களில் அங்கே உயரமான பொருள்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மழை ஒரு துளி விழாவிட்டாலும் அந்த மேகத்தின் மின்னல் உங்கள் வயலில் இறங்கலாம். உடனே கான்கிரீட் வீட்டுக்குள்ளோ, மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி ஆன பிறகு வெளியே வந்தால் போதும்.

தனிப் பனை, தனித் தென்னை, வரப்போரப் புளியமரம் எதற்கடியிலும் நிற்கக் கூடாது. ஆடு மாட்டை மரத்தில் கட்டி வைக்காதீர்கள். நாலு பக்கமும் திறந்த மோட்டார் கொட்டகை பாதுகாப்பு இல்லை, மோட்டார் சுவிட்சைத் தொடவும் வேண்டாம். ஒதுங்க இடமே இல்லாவிட்டால் ஒருவருக்கொருவர் விலகி, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக் குந்தி உட்காருங்கள். படுக்க வேண்டாம். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலியைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டால் அருகில் மின்னல் விழும்போது எச்சரிக்கும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்பது தவறு. அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள், 108-ஐ அழையுங்கள். அந்த முதல் சில நிமிடங்களில் உயிரை மீட்கலாம்.

வெயிலில் வேலை செய்தே ஆக வேண்டும். என்ன வழி?

விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு ஏறிவிடுவது பழைய வழி, இன்றும் அதை விட நல்ல வழி இல்லை. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர். நீராகாரம், உப்புப் போட்ட நீர்மோர், இளநீர், நுங்கு எல்லாம் நல்லவை. சர்க்கரை நோயாளிகள் பானகத்தைத் தவிர்க்கலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடையில் ஒருமுறை மருத்துவரிடம் பேசிவிடுவது அவசியம்.

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்றால் நிழலில் உட்கார வைத்து உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். பேச்சு குழறுகிறது, ஆள் தடுமாறுகிறார், உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்ப அடி. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரை தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம், அது இதற்கு வேலை செய்யாது.

மழை பெய்த மறுநாள் ஏன் இன்னும் புழுங்குகிறது?

தரையில் இறங்கிய ஈரம் காலை வெயிலில் ஆவியாகி எழும்புகிறது. அதே ஈரம்தான் அன்று சாயங்கால மேகத்துக்கும் தீனி. அதனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மாலை மழை கிடைப்பது உண்டு.

கோடை மழை பெய்தால் மேட்டூர் நிரம்புமா? ஜூன் 12-ல் தண்ணீர் வருமா?

இங்கே பெய்யும் மழை மேட்டூருக்குப் போகாது, நாம் இருப்பது அணைக்குக் கீழே. அணையை நிரப்புவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையும், கர்நாடக அணைகளிலிருந்து வரும் நீரும். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. குறுவைக்காக ஜூன் 12-ல் திறப்பது மரபு. 2022-ல் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 2024-ல்தான் மே மாதம் டெல்டாவில் கோடை மழை நன்றாகப் பெய்திருந்தது. ஆகவே நாற்றங்கால் விடலாமா என்று முடிவு செய்ய உங்கள் ஊர் மழையைப் பார்க்காதீர்கள். அணையின் நீர்மட்டத்தையும் குடகு மழையையும் பாருங்கள்.